கைப்பேசியில் ஆங்கிலம் கற்கவும் கற்றுக்கொடுக்கவும்: எங்கே தொடங்குவது, எந்த வரிசையில் போவது

இதை இரண்டு பேரை மனத்தில் வைத்து எழுதுகிறேன். ஒருவர், வேலைக்காகவோ திருமணமாகியோ சிங்கப்பூர் வந்து, ஆங்கிலம் பாதி புரிந்தும் வாய் திறக்கத் தயங்குபவர். மற்றவர், அவருக்குச் சொல்லிக்கொடுக்க முன்வரும் நண்பர், உறவினர், தொண்டூழியர்.

நான் முதலாமவராக இருந்து இரண்டாமவராக ஆனவள். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் வெளிநாட்டு ஊழியர்கள் சிலருக்கும், வார நாள்களில் எங்கள் புளோக்கில் இருக்கும் இல்லத்தரசிகளுக்கும் சொல்லித் தருகிறேன். பாதியில் விட்டவர்கள் ஏறக்குறைய எல்லோரும் ஒரே இடத்தில்தான் இடறினார்கள். பத்துச் செயலிகளை இறக்கினார்கள், நூறு காணொளிகளைச் சேமித்தார்கள், ஒன்றையும் முடிக்கவில்லை.

இங்கே சொல்லும் முறை அதற்கு நேர் எதிரானது. சிறிய ஒலித்துண்டு ஒன்றை எடுத்து, அது வாய்க்கு வரும்வரை விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். படிகளின் வரிசையை மாற்றாதீர்கள். ஏன் என்று அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

கைப்பேசி, ஹெட்ஃபோன், கோடு போட்ட நோட்டு ஒன்று, தினமும் 20 நிமிடம். இவ்வளவுதான்.

ஹெட்ஃபோன் இல்லாமல் தொடங்க வேண்டாம். கைப்பேசியின் ஸ்பீக்கரில் கேட்டால் சொல்லின் கடைசி ஒலி தேய்ந்துபோகும். ஆங்கிலத்தில் பன்மையும் இறந்தகாலமும் பெரும்பாலும் அந்தக் கடைசி ஒலியில்தான் இருக்கின்றன. அது காதில் விழவில்லை என்றால் ஒரு பெட்டியா பல பெட்டியா, வேலை முடிந்ததா இனிமேலா என்பது தெரியாது. விலை குறைந்த, கம்பி வைத்த ஹெட்ஃபோனே போதும்.

20 நிமிடம் எப்போது என்பதை முன்பே முடிவு செய்யுங்கள். தங்குவிடுதியில் இருப்பவர்களுக்கு இரவில் சமையல், துணி துவைப்பு, ஊருக்கு ஃபோன் எல்லாம் முடிந்தபிறகு தலை நிற்காது. அதனால் கேட்பதைக் காலையில் வேலைக்குப் போகும் வழியில் வைத்துக்கொள்ளுங்கள். பேசிப் பார்ப்பதற்கு மட்டும் ஓய்வுநாளை ஒதுக்குங்கள்.

டேட்டா தீர்ந்துவிடும் என்ற கவலை இருந்தால், ஒலிக்கோப்புகளை இணைய வசதி உள்ள இடத்தில் முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளலாம். நூலகங்களிலும் பல கடைத்தொகுதிகளிலும் வயர்லெஸ்@எஸ்ஜி என்ற பொது வைஃபை இலவசமாகக் கிடைக்கிறது. விக்டோரியா ஸ்திரீட்டில் இருக்கும் தேசிய நூலகக் கட்டடம் தேக்காவிலிருந்து (லிட்டில் இந்தியா) நடக்கும் தூரம். உள்ளே போய் உட்கார்ந்து படிக்க யாருக்கும் கட்டணம் கிடையாது. குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் நூலக உறுப்பினர் சேர்க்கையும் இலவசம். அவர்கள் லிப்பி (Libby) செயலியில் ஆங்கில மின்னூல்களையும் ஒலிநூல்களையும் இரவல் பெறலாம்.

2. முதலில் பத்து வாக்கியங்களைத் தமிழில் எழுதுங்கள்

கைப்பேசியைத் தொடுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது. போன வாரம் ஆங்கிலம் தெரியாமல் எங்கெங்கே வாயடைத்து நின்றீர்கள் என்று யோசியுங்கள். அங்கே சொல்ல நினைத்ததைத் தமிழில், நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள்.

உதாரணத்துக்கு: “சார், இந்த ஏணி ஆடுகிறது, வேறு ஏணி வேண்டும்.” “எனக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல், மருத்துவ விடுப்புச் சான்றிதழ் வேண்டும்.” “இந்த மாதச் சம்பளத்தில் ஓவர்டைம் குறைகிறது.” “என் மகன் வகுப்பில் எப்படி இருக்கிறான்?”

ஏன் இது முதலில்? தளங்களில் பாடங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. எதை எடுப்பது, எதை விடுவது என்று சொல்ல உங்களிடம் ஓர் அளவுகோல் வேண்டும். மருத்துவரிடம் பேச வேண்டியவர், விமான நிலையத்தில் பெட்டி தொலைந்தால் பேசுவது எப்படி என்ற பாடத்தை முதல் வாரத்தில் எடுத்தால், ஏழாம் நாள் அவருக்கு அது யாருடைய பாடமோ என்று ஆகிவிடும். தன் வாக்கியம் என்றால் மறக்காது.

பத்துக்கு மேல் எழுத வேண்டாம். முப்பது எழுதியவர்கள் பட்டியலைப் பார்த்தே பயந்துவிட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

3. உங்கள் நிலையைத் தெரிந்துகொள்ளுங்கள்

பெரும்பாலான தளங்கள் ஏ1 தொடங்கி சி2 வரை ஆறு நிலைகளாகப் பாடங்களைப் பிரித்திருக்கும். ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 என்பது வரிசை. ஏ1 என்றால் தொடக்கம், சி2 என்றால் முழுத் தேர்ச்சி. பிரிட்டிஷ் கவுன்சிலின் லேர்ன்இங்கிலிஷ் தளத்தில் கேட்டல் பகுதிக்குப் போய், ஏ1 பாடம் ஒன்றை எழுத்தைப் பார்க்காமல் இரண்டு முறை கேளுங்கள். பாதிக்குமேல் புரிந்து, ஆனால் சில சொற்கள் நழுவினால் அதுதான் உங்கள் இடம். எல்லாமே புரிந்தால் ஏ2 பாடத்தைக் கேட்டுப் பாருங்கள். ஒன்றுமே புரியாவிட்டால் ஒரு படி இறங்குங்கள். ஏ1 பாடமே புரியாதவர்கள், அதன் எழுத்து வடிவத்தை ஆசிரியருடன் உட்கார்ந்து முதலில் படித்துவிட்டுக் கேட்கலாம்.

இங்கே இரண்டு விதமான தவறு நடக்கிறது. பட்டம் படித்தவர்கள், ஏ1 தமக்குக் குறைவு என்று பி2 பாடத்தில் போய் நிற்கிறார்கள். பத்து ஆண்டுகளாக இங்கே வேலை பார்ப்பவர்கள், தமக்கு ஒன்றும் தெரியாது என்று அகரவரிசையிலிருந்து தொடங்குகிறார்கள். முதல் குழுவுக்குப் படிக்க வரும், காது வராது. இரண்டாம் குழுவுக்குக் காது வரும், எழுத்து வராது. இரண்டு திறனுக்கும் ஒரே நிலை இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. கேட்பதற்கு ஏ2, எழுதுவதற்கு ஏ1 என்று வைத்துக்கொள்வதில் தவறே இல்லை.

4. ஒரே ஒரு தளத்தைத் தேர்ந்தெடுங்கள்

மூன்று மாதத்துக்கு ஒரு தளம். எழுத்து வடிவம் உடன் இருக்கிறதா என்பதுதான் என் முதல் நிபந்தனை. காதில் விழுந்தது சரியா என்று சரிபார்க்க வழியில்லாத ஒலிப்பதிவு, தொடக்க நிலையில் இருப்பவருக்கு வெறும் சத்தம்தான்.

ஏ1, ஏ2 நிலையில் இருப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது லேர்ன்இங்கிலிஷ். ஒவ்வொரு கேட்டல் பாடத்திலும் முன்பயிற்சி, ஒலி, கேள்விகள், எழுத்து வடிவம் நான்கும் இருக்கும். செய்தி பிடிக்கும் என்பவர்களுக்கு நியூஸ் இன் லெவல்ஸ். அதில் ஒரே செய்தி எளிது, நடுத்தரம், கடினம் என மூன்று நிலைகளில் இருக்கும். முதல் நிலையில் கேட்டுப் புரிந்த பிறகு அதே செய்தியை இரண்டாம் நிலையில் கேட்கலாம்.

பி1 தாண்டியவர்களுக்குப் பிபிசி லேர்னிங் இங்கிலிஷ் தளத்தின் சிக்ஸ் மினிட் இங்கிலிஷ். தொடக்கத்தில் ஒரு கேள்வி கேட்டு, முடிவில் விடை சொல்வார்கள். இடையில் புதிய சொற்களை விளக்குவார்கள். எழுத்து வடிவமும் இறக்கிக்கொள்ளும் ஒலிக்கோப்பும் உண்டு. ஆறு நிமிடம்தானே என்று தொடக்க நிலையில் இருப்பவர்கள் இதில் நுழைந்துவிடுகிறார்கள். அவர்களுக்கு ஆறு நிமிடம் மிக நீளம், பேச்சும் வேகம்.

சிங்கப்பூரில் நம்மைச் சுற்றிப் பேசுபவர்கள் இங்கிலாந்துக்காரர்கள் இல்லை. சீனர், மலாய்க்காரர், பிலிப்பினோ, பங்களாதேஷ்காரர் என்று ஆளுக்கொரு ஒலியில் ஆங்கிலம் பேசுகிறார்கள். அதற்குக் காதைப் பழக்க எல்லோ (elllo) என்ற தளம் உதவும். பல நாட்டினர் இயல்பாகப் பேசுவதை எழுத்து வடிவத்துடனும் கேள்விகளுடனும் தருகிறார்கள். முதல் மூன்று மாதம் முடிந்தபிறகு இதற்கு வாருங்கள்.

தமிழில் ஆங்கிலம் கற்றுத்தரும் யூடியூப் காணொளிகளைப் பற்றிக் கட்டாயம் கேட்பீர்கள். இலக்கணம் ஒன்றைப் புரிந்துகொள்ள அவை நல்லவை. ஆனால் பத்து நிமிடக் காணொளியில் ஆங்கிலம் எத்தனை நிமிடம் ஒலிக்கிறது என்று ஒருமுறை கவனித்துப் பாருங்கள். விளக்கம் தமிழில் ஓடும், ஆங்கிலம் இடையிடையே ஒரு வரி வரும். கேட்கக் கேட்கப் புரிகிற மாதிரி இருக்கும், ஏனென்றால் புரிந்தது தமிழ். சந்தேகம் வரும்போது தேடிப் போங்கள், தினசரிப் பயிற்சியாக வைத்துக்கொள்ள வேண்டாம்.

5. ஒரு துண்டு, ஒரு வாரம்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

ஒரு நிமிடத்துக்கு மேற்படாத ஒலித்துண்டை எடுங்கள். பாடம் மூன்று நிமிடம் என்றால் முதல் ஒரு நிமிடம் மட்டும்.

முதல் நாள் எழுத்தைப் பார்க்காமல் நான்கைந்து முறை கேளுங்கள். யார் பேசுகிறார்கள், எங்கே, எதைப் பற்றி என்று நோட்டில் தமிழில் எழுதுங்கள். எழுத்தை முதலில் பார்த்துவிட்டால், பிறகு காது வேலை செய்வதை நிறுத்திவிடும். கண் படித்ததையே காது கேட்டதாக நினைத்துக்கொள்வோம். பெரும்பாலானவர்கள் மாற்றிப் போடுகிற படி இதுதான். புரியாமல் உட்கார்ந்திருப்பது சங்கடமாக இருக்கும், அந்தச் சங்கடத்தை ஒருநாள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் நாள் வரிக்கு வரி நிறுத்தி, காதில் விழுந்ததை எழுதுங்கள். எழுத்துப் பிழை பரவாயில்லை. தெரியாத இடத்தில் கோடு போட்டுவிட்டு மேலே போங்கள். யூடியூபில் கேட்பவர்கள் அமைப்புகளில் வேகத்தை 0.75 என்று குறைத்துக்கொள்ளலாம். அதற்குக் கீழே குறைக்க வேண்டாம், ஒலியே சிதைந்துவிடும்.

மூன்றாம் நாள்தான் எழுத்து வடிவத்தைத் திறக்கிறீர்கள். நீங்கள் விட்ட இடங்களைச் சிவப்பு மையில் நிரப்புங்கள். அந்தச் சிவப்பைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். பெரும்பாலும் அவை பெரிய சொற்களாக இருக்காது. ‘இன்’, ‘அட்’, ‘ஹேஸ்’, ‘டு’ மாதிரியான சின்னச் சொற்களாக இருக்கும். ஆங்கிலத்தில் இவற்றை அழுத்தாமல் விழுங்கிப் பேசுகிறார்கள். நமக்குத் தெரிந்த சொற்களே காதில் விழாமல் போவதற்குக் காரணம் இதுதான். இதைத் தன் கையெழுத்திலேயே பார்த்தபிறகு, “எனக்குச் சொல்வளம் பத்தாது” என்று புலம்பியவர்கள் கேட்கும் பயிற்சிக்குத் திரும்பியிருக்கிறார்கள்.

நான்காம், ஐந்தாம் நாள் ஒலியோடு சேர்ந்து வாய்விட்டுச் சொல்லுங்கள். அவர் எங்கே மூச்சு விடுகிறாரோ அங்கே விடுங்கள், எந்தச் சொல்லை ஓங்கிச் சொல்கிறாரோ அதை ஓங்குங்கள். முணுமுணுத்தால் பலனில்லை. தங்குவிடுதி அறையில் வெட்கமாக இருந்தால் வெளியே நடந்துகொண்டே, ஃபோனில் பேசுவதுபோல் சொல்லுங்கள்.

ஆறாம் நாள் நோட்டை மூடிவிட்டு உங்கள் குரலைப் பதிவு செய்து, மூலத்தோடு ஒப்பிட்டுக் கேளுங்கள். ஏழாம் நாள் அந்தத் துண்டில் உள்ள இரண்டு வாக்கியங்களை உங்கள் பத்து வாக்கியங்களில் ஒன்றுக்குப் பொருத்துங்கள். “ஐ நீட் எ டேபிள் ஃபார் டூ” என்று கேட்டிருந்தால், “ஐ நீட் எ லேடர்” என்று மாற்றுங்கள். நோட்டின் முதல் பக்கத்தில் ஒரு வாக்கியத்துக்கு எதிரே ஆங்கிலம் ஏறிவிட்டது.

6. தமிழ் எழுத்தில் ஆங்கிலம் எழுதி வைக்காதீர்கள்

இந்தக் கட்டுரையில் நான் எழுதுவது உங்கள் வசதிக்காக. உங்கள் நோட்டில் இது கூடாது. காரணத்தைச் சொல்கிறேன்.

தோளில் மாட்டும் பையும், முதுகும், பொட்டலம் கட்டுவதும் ஆங்கிலத்தில் மூன்று வேறு சொற்கள், மூன்று வேறு ஒலிகள். தமிழ் எழுத்தில் மூன்றும் ‘பேக்’. அடுப்பில் ரொட்டி சுடும் சொல்லையும் சேர்த்தால் நான்கு. க, ச, ட, த, ப என்ற எழுத்துகள் ஒவ்வொன்றும் இடத்தைப் பொறுத்து வல்லொலியாகவும் மெல்லிய ஒலியாகவும் ஒலிப்பது தமிழுக்கு இயல்பு, நமக்கு அதில் குழப்பமில்லை. ஆங்கிலத்தில் அந்த வேறுபாடு பொருளையே மாற்றிவிடும். தமிழ் எழுத்தில் எழுதி மனப்பாடம் செய்தவர், மூன்று மாதம் கழித்து நான்கையும் ஒரே மாதிரி சொல்கிறார். அதை மாற்ற இன்னும் ஆறு மாதம் ஆகிறது.

அப்படியென்றால் உச்சரிப்பை எப்படிக் குறிப்பது? குறிக்கவே வேண்டாம், கேளுங்கள். கேம்பிரிட்ஜ் இணைய அகராதியில் சொல்லைத் தட்டினால் ஒலிபெருக்கிக் குறி இருக்கும், அழுத்தினால் பிரிட்டிஷ், அமெரிக்க உச்சரிப்பு இரண்டும் கேட்கலாம். அதில் ஆங்கிலம்–தமிழ் அகராதியும் உண்டு. ஒரு சொல் வாக்கியத்துக்குள் எப்படி ஒலிக்கிறது என்று அறிய யூகிளிஷ் (YouGlish) என்ற தளம். சொல்லைக் கொடுத்தால் அதை மனிதர்கள் பேசும் யூடியூப் துண்டுகளை ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டும்.

சொல்லுக்குள் எந்த அசையை அழுத்திச் சொல்கிறார்கள் என்பதற்கு அடிக்கோடு மட்டும் போடுங்கள். எண்களில் இது ரொம்ப முக்கியம். 15, 50 இரண்டுக்கும் வேறுபாடு முக்கியமாக அழுத்தத்தில் இருக்கிறது. 15 என்றால் பின்பாதி ஓங்கி நீளும், 50 என்றால் முன்பாதி ஓங்கும். என்னிடம் படித்த ஒருவர் வேலையிடத்தில் 15 மூட்டை என்று சொன்னதை 50 என்று கேட்டு, மத்தியானம் முழுக்க வெயிலில் சுமந்திருக்கிறார். 13, 30 தொடங்கி 19, 90 வரை இந்த இரட்டைகளை ஒரு வாரம் கேட்டுப் பழகுங்கள். அதோடு, எண்ணைக் கேட்டதும் திருப்பிச் சொல்லி உறுதிப்படுத்தும் பழக்கமும் வேண்டும்: “ஒன் ஃபைவ்? ஆர் ஃபைவ் ஸீரோ?”

இன்னொன்று, சொல்லின் முடிவில் நாம் சேர்க்கும் உகரம். பஸ் ‘பஸ்ஸு’ ஆகும், லைட் ‘லைட்டு’ ஆகும். தமிழ் நாக்குக்கு மெய்யில் நிறுத்துவது கடினம். உங்கள் குரல் பதிவில் இதை மட்டும் தேடிக் கேளுங்கள், ஒரே வாரத்தில் பாதி குறையும்.

சொற்களை மறக்காமல் இருக்க ஆன்கி (Anki) செயலி நல்லது. ஆண்ட்ராய்டில் இலவசம், ஐஃபோனில் பணம் கட்ட வேண்டும். நீங்கள் ஏற்றிய சொல்லை ஓர் அட்டையாக வைத்து, மறக்கப்போகும் நேரத்தில் மீண்டும் காட்டுவதுதான் அதன் வேலை. நாளுக்கு ஐந்து சொல்லுக்கு மேல் சேர்க்காதீர்கள், சொல்லைத் தனியாக ஏற்றாமல் வாக்கியத்தோடு ஏற்றுங்கள்.

7. ஒரே செய்தியை இரண்டு மொழியிலும் படியுங்கள்

தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்றாக இருப்பதால் சிங்கப்பூரில் நமக்கு ஒரு வசதி உண்டு. ஒரே விஷயம் தமிழிலும் ஆங்கிலத்திலும் எங்கும் கிடைக்கிறது. இதைப் பயன்படுத்தாமல் விடுவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

காலையில் தமிழ் முரசிலோ மீடியாகார்ப்பின் செய்தி தளத்திலோ உள்ளூர்ச் செய்தி ஒன்றைத் தமிழில் படியுங்கள். அப்புறம் அதே செய்தியைச் சிஎன்ஏ என்ற ஆங்கிலச் செய்தித் தளத்தில் தேடிப் படியுங்கள். என்ன நடந்தது என்பது முன்பே தெரியும் என்பதால், தெரியாத சொல்லுக்கு அகராதி இல்லாமலே பொருள் ஊகிக்க முடியும். தமிழ்தான் முதலில் வர வேண்டும். மாற்றிச் செய்தால் முதல் பத்தியிலேயே களைத்துப்போய், தமிழைப் படித்ததோடு நிறுத்திக்கொள்வீர்கள்.

முழுச் செய்தி வேண்டாம். தலைப்பும் முதல் மூன்று பத்தியும் போதும். விபத்து, வானிலை, பேருந்துக் கட்டணம் மாதிரியான செய்திகள் தொடக்கத்துக்கு நல்லவை. நாடாளுமன்ற விவாதத்தைப் பிறகு பார்க்கலாம்.

வேலையிடத்தில் இருப்பவர்கள் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதார மன்றத்தின் சுவரொட்டிகளைத் தேடுங்கள். பல சுவரொட்டிகளை ஆங்கிலத்தோடு தமிழிலும் வெளியிடுகிறார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் பாதுகாப்பு வார், சாரக்கட்டு, தூக்கும் வேலை, அனுமதிச்சீட்டு என்று வேலை தொடங்கும் முன் காலையில் நடக்கும் பாதுகாப்புக் கூட்டமான டூல்பாக்ஸ் மீட்டிங்கில் அடிபடும் சொற்கள் எல்லாம் வந்துவிடும். மனிதவள அமைச்சும் வெளிநாட்டு ஊழியருக்கான வழிகாட்டியைத் தமிழில் வைத்திருக்கிறது. சம்பளம், விடுப்பு, காயம் பற்றிய வாக்கியங்களை ஆங்கில வடிவத்தோடு ஒப்பிட்டுப் படித்தால், மொழியோடு உங்கள் உரிமையும் தெரியும்.

பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு ஸ்டோரிவீவர் (StoryWeaver) தளம் ஏற்றது. பிரதம் புக்ஸ் நடத்தும் இந்தத் தளத்தில் பல படக்கதைகள் தமிழிலும் ஆங்கிலத்திலும் இலவசமாக இருக்கின்றன, வாசிப்பு நிலை வாரியாகப் பிரித்தும் இருக்கிறார்கள். திறந்த உரிமத்தில் வெளியிடுவதால், தளத்தையும் எழுதியவரையும் குறிப்பிட்டு அச்செடுத்து வகுப்பில் கொடுக்கலாம். அம்மா ஆங்கிலக் கதையைப் பிள்ளையிடம் கேட்டுப் படிப்பதும், பிள்ளை தமிழ்க் கதையை அம்மாவிடம் கேட்டுப் படிப்பதும் எங்கள் புளோக்கில் மூன்று வீடுகளில் நடக்கிறது. பிள்ளையிடம் கற்பதற்குக் கூச்சப்பட்ட ஓர் அக்காதான் இப்போது பள்ளிக் கூட்டத்துக்குத் தனியாகப் போய் வருகிறார்.

8. பேசிப் பார்ப்பது

ஆள் கிடைக்காதவர்கள் கைப்பேசியின் குரல்வழித் தட்டச்சைப் பயன்படுத்தலாம். மொழியை ஆங்கிலம் என்று மட்டும் வைத்துக்கொண்டு, உங்கள் வாக்கியத்தைச் சொல்லுங்கள். நீங்கள் சொன்ன சொல்லே திரையில் வந்தால் நல்லது. வேறு சொல் வந்தால் எந்த ஒலி தவறியது என்று தெரிந்துகொள்ளலாம். கருவியும் சில நேரம் தவறாகக் கேட்கும். அதனால் ஒரே சொல் மூன்று முறை தவறாக வந்தால் மட்டும் கவலைப்படுங்கள்.

சாட்ஜிபிடி மாதிரியான உரையாடல் கருவிகளையும் நடிப்புப் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளலாம். ஆனால் முதலிலேயே கட்டளை தெளிவாக இருக்க வேண்டும்: நீ மருந்தக உதவியாளர், நான் நோயாளி, எளிய ஆங்கிலத்தில் ஒரு நேரத்தில் ஒரே கேள்வி கேள், முடிவில் என் இரண்டு தவறுகளை மட்டும் தமிழில் சொல். இப்படிச் சொல்லாவிட்டால் பக்கம் பக்கமாக ஆங்கிலத்தைக் கொட்டும், படிப்பவர் மிரண்டுபோவார். பெயர், வேலை அனுமதி எண், நிறுவனத்தின் பெயர் எதையும் அதில் தர வேண்டாம்.

சிங்லிஷ் எனும் சிங்கப்பூர்ப் பேச்சு ஆங்கிலத்தைப் பற்றிக் கேட்காதவர்கள் இல்லை. உணவங்காடியில் “கேன்”, “நோ நீட் லா” என்பது எல்லோருக்கும் புரியும், அதைத் தாழ்வாக நினைக்க வேண்டாம். கேட்டுப் புரிந்துகொள்ளுங்கள். ஆனால் எழுதுவதற்கும், மருத்துவரிடமும் அதிகாரிகளிடமும் பேசுவதற்கும் முழு வாக்கியம் வேண்டும். “ஆஃப் த லைட்” என்பதை வேலையிடத்தில் கேட்டால் விளக்கை அணைக்கிறீர்கள், உங்கள் நோட்டில் “டர்ன் ஆஃப் த லைட்” என்று எழுதுகிறீர்கள். இரண்டையும் வேறு வேறு பக்கத்தில் வைத்துக்கொண்டால் குழப்பமே வராது.

9. மொழிபெயர்ப்புச் செயலி

கடைசிப் படியாக வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் முயன்று ஒரு வாக்கியம் எழுதியபின், சரிபார்க்க மட்டும்.

பேச்சுத் தமிழை அப்படியே கொடுத்தால் சிக்கல் வரும். “இன்னிக்கு முடியல” என்றால் நமக்கு உடம்பு சரியில்லை என்று புரியும். வேலையைச் செய்ய இயலவில்லை என்றும் அதை எடுத்துக்கொள்ள இடமுண்டு. மேற்பார்வையாளருக்கு அந்த இரண்டாவது பொருள் போய்ச் சேர்ந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். “எனக்கு இன்று உடல்நலம் சரியில்லை” என்று எழுவாயோடு முழுதாக எழுதிக் கொடுங்கள். வந்த ஆங்கிலத்தை மறுபடி தமிழுக்கு மாற்றிப் பாருங்கள். திரும்பி வருவது நீங்கள் சொன்னதுதானா என்று பார்த்த பிறகே அனுப்புங்கள்.

10. சொல்லிக்கொடுப்பவர்களுக்கு

முதலில் ஒரு வேண்டுகோள். வாட்ஸ்அப் குழுவில் இணைப்புகளை அனுப்பிக்கொண்டே இருக்காதீர்கள். ஒரு வாரத்தில் பன்னிரண்டு இணைப்பு அனுப்பிய தொண்டூழியர் ஒருவர், யாரும் படிக்கவில்லை என்று வருத்தப்பட்டார். பன்னிரண்டு மணி நேரம் வேலை செய்துவிட்டு வருபவருக்குப் பன்னிரண்டு இணைப்பு என்பது இன்னொரு சுமை. வாரத்துக்கு ஒன்று, எந்த நிமிடத்திலிருந்து எந்த நிமிடம் வரை என்று குறிப்போடு அனுப்புங்கள்.

வகுப்புக்குப் போகும் முன் ஒலியை உங்கள் கருவியில் இறக்கி வையுங்கள், எழுத்து வடிவத்தை அச்செடுங்கள். வகுப்பில் இணையம் தடைபட்டால் அந்த ஒரு மணி நேரம் போச்சு. அவர்களுக்கு மாதத்தில் கிடைக்கும் ஓய்வு எத்தனை மணி நேரம் என்று நினைத்துப் பாருங்கள்.

ஆறு பேருக்கு மேல் சேர்க்காதீர்கள். ஒரு மணி நேரத்தில் எட்டு பத்துப் பேர் இருந்தால் ஒருவருக்கு வாய் திறக்க ஐந்து நிமிடம்கூடக் கிடைக்காது. நான் நேரத்தைப் பிரிப்பது இப்படி: முதல் பத்து நிமிடம் போன வாரத் துண்டை ஒவ்வொருவரும் சொல்லிக் காட்டுவார்கள். அடுத்த பதினைந்து நிமிடம் புதிய துண்டை எழுத்தில்லாமல் கேட்போம். பிறகு இருபது நிமிடத்துக்கு மேல் இருவர் இருவராக நடித்துப் பேசுவார்கள், நான் சுற்றிவந்து கேட்பேன். மீதியில் மூன்று வாக்கியம் எழுதுவார்கள். இதில் நான் பேசுவது பதினைந்து நிமிடத்தைத் தாண்டினால் அந்த வகுப்பு சரியில்லை என்று எடுத்துக்கொள்வேன்.

ஒருவர் பேசும்போது நடுவில் நிறுத்தித் திருத்தக் கூடாது. அவர் முடித்தபின், ஒரே ஒரு தவறை மட்டும் எடுங்கள். எந்தத் தவறு? பொருள் மாறிப்போகும் தவறு முதலில். “வேர் யூ ஆர் கோயிங்” என்றால் புரியும், அது காத்திருக்கலாம். எண், நாள், ‘முடிந்தது’, ‘முடியவில்லை’ ஆகியவற்றில் வரும் தவறு காத்திருக்கக் கூடாது.

தமிழை வைத்து விளக்கத் தயங்காதீர்கள். ‘இல்’ என்ற ஒரே உருபு நமக்கு லாரியில், மாடியில், வாசலில் என்று எல்லா இடத்துக்கும் வருகிறது. ஆங்கிலத்தில் லாரிக்கு ‘இன்’, மாடிக்கு ‘ஆன்’, வாசலுக்கு ‘அட்’. இதைத் தமிழில் அரை நிமிடத்தில் சொல்லிவிடலாம். ஆங்கிலத்திலேயே விளக்குவேன் என்று பத்து நிமிடம் போராடுவதில் என்ன பயன்? விளக்கம் தமிழில் சுருக்கமாக, பயிற்சி ஆங்கிலத்தில் நீளமாக.

வெவ்வேறு நிலையில் இருப்பவர்கள் ஒரே வகுப்பில் உட்கார்ந்தால், ஒலித்துண்டு ஒன்றாகவே இருக்கட்டும், வேலையை மாற்றுங்கள். புதியவர் காதில் விழுந்த ஐந்து சொல்லை எழுதட்டும், அடுத்தவர் முழு வரியை, தேறியவர் தன் சொந்த வார்த்தையில் சுருக்கத்தை. கஹூட் மாதிரி வினாடி வினாத் தளங்கள் மாதம் ஒருமுறை நல்லது. வாரா வாரம் வைத்தால் வேகமாக அழுத்துபவர் மட்டும் மகிழ்வார், மெதுவாகப் படிப்பவர் வருவதை நிறுத்திவிடுவார்.

வார நடுவில் ஆளுக்கு அரை நிமிடக் குரல்பதிவு ஒன்று வாங்குங்கள். குழுவில் போடச் சொல்லாதீர்கள், உங்களுக்குத் தனியாக அனுப்பட்டும். பதிலை நீங்களும் குரலிலேயே கொடுங்கள், ஏனென்றால் அவருக்கு வேண்டியது காதில் விழும் சரியான வடிவம்.

11. பணம் கேட்பவர்கள்

இங்கே சொன்ன கற்றல் தளங்களில் தொடக்க நிலையில் இருப்பவருக்கு வேண்டியவை இலவசமாகவே கிடைக்கின்றன. சமூக ஊடகத்தில் வரும் “முப்பது நாளில் சரளம்” விளம்பரத்துக்கு முன்பணம் கட்ட வேண்டாம். சான்றிதழ் தருகிறோம், பெர்மிட் புதுப்பிக்க உதவும் என்று சொல்லி, சிங்பாஸ் என்ற அரசு இணையக் கணக்கின் விவரமோ ஒருமுறைக் கடவுச்சொல்லோ கேட்டால் உடனே விலகுங்கள். சந்தேகம் இருந்தால் 1799 என்ற ஸ்கேம்‌ஷீல்டு உதவி எண்ணை அழைத்துக் கேட்கலாம். இலவசச் சோதனைக் காலம் என்று அட்டை எண் கேட்கும் செயலிகளில், எந்தத் தேதியில் பணம் எடுப்பார்கள் என்று பார்த்து நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

12. இடையில் விட்டுப்போனால்

விட்டுப்போகும். ஓவர்டைம் வரும், ஊருக்குப் போவீர்கள், பிள்ளைக்குக் காய்ச்சல் வரும். இரண்டு வாரம் கழித்துத் திரும்பும்போது புதிய தளம் தேடாதீர்கள், விட்ட பாடத்திலிருந்தும் தொடங்காதீர்கள். உங்களுக்கு நன்றாக வந்த பழைய துண்டு ஒன்றை எடுத்து, இரண்டு நாள் வாய்விட்டுச் சொல்லுங்கள். நாக்கு பழகியதும் விட்ட இடத்துக்குப் போகலாம். முதல் பக்கத்துப் பத்து வாக்கியங்களுக்கும் எதிரே ஆங்கிலம் வந்துவிட்டால், நோட்டைப் புரட்டி அடுத்த பத்தைத் தமிழில் எழுதுங்கள்.